வரலைன்னா கேட்க ஒரு ஆள்

(இந்த எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

சாப்பிட்டாச்சா? இன்னும் இல்லைன்னா இதைக் கேட்டுக்கிட்டே பக்கத்துத் தெருக் கடைக்கு நடந்து போங்க. இன்னைக்குப் பேசப் போறதும் அந்தக் கடையைப் பத்திதான்.

எந்தக் கடை? தெருமுனை டீக்கடை, மேன்ஷனுக்குக் கீழே இருக்கிற மெஸ், சாயங்காலம் மட்டும் வர்ற இட்லி வண்டி. இதுக்கெல்லாம் கிளைகள் கிடையாது. முதலாளியே கல்லாவுல உட்கார்ந்திருப்பார், கூட்டம் வந்தா அவரே எழுந்து சாம்பார் வாளியைத் தூக்குவார்.

இந்தக் கடைகளோட ருசியைப் பத்திப் பேச நிறைய ஃபுட் வீடியோ இருக்கு. எனக்கு வேற ஒரு கேள்வி. நீங்க மூணு நாள் உங்க ரூமை விட்டு வெளியே வரலைன்னா, அது யாருக்கு முதல்ல தெரியும்?

யோசிச்சுக்கிட்டே இருங்க. அதுக்குள்ள என் கதையைச் சொல்லிடறேன்.

மூணாவது மாடி

2013-ல் வேலைக்காகச் சென்னை வந்தேன். ஊர் கோவில்பட்டிப் பக்கம். திருவல்லிக்கேணியில ஒரு மேன்ஷன்ல மூணாவது மாடி ரூம். ரெண்டு கட்டில் போட்டா நடக்க இடம் இருக்காது. ரூம்மேட் நைட் ஷிஃப்ட், நான் பகல் ஷிஃப்ட். ஒரே ரூம்ல இருந்தும் ஞாயித்துக்கிழமைதான் முகத்தைப் பார்ப்போம்.

மேன்ஷன்னா பேருதான் பெருசு. தனியா இருக்கிற ஆண்களுக்கு மாச வாடகைக்கு விடுற அடுக்குமாடிக் கட்டடம், அவ்வளவுதான். சமையலறை கிடையாது, ரூம்ல சமைக்கவும் விடமாட்டாங்க. மருந்து கம்பெனி ரெப், சினிமா சான்ஸ் தேடுறவர், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்னு சமைக்க இடமில்லாத ஆட்கள் ஒரே பேட்டையில குவிஞ்சு இருந்தாங்க. திருவல்லிக்கேணியில ஏன் இத்தனை மெஸ்னு கேட்டா, பாதிப் பதில் அதுதான். டோக்கன் வாங்கிட்டு வாசல்ல காத்திருந்து சாப்பிடுற காசி விநாயகா மெஸ் உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். நான் சொல்லப் போற மெஸ்ஸை உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அதுக்குச் சரியான போர்டே இல்லை. எல்லாரும் "அண்ணாச்சி மெஸ்"னு சொல்லுவோம்.

எட்டு மேஜை இருக்கும். சுவத்துல ஒரு சாமி படம், ஒரு கேலண்டர். மாசச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டினா கட்டம் போட்ட ஒரு அட்டை கொடுப்பாங்க. அட்டை கல்லாவுலயே இருக்கும். நாம உள்ள நுழைஞ்சதும் அண்ணாச்சி நம்ம அட்டையை எடுத்து அன்னைக்குக் கட்டத்துல ஒரு டிக் போடுவார். பேசக்கூட மாட்டார்.

வந்து அஞ்சாவது மாசம் எனக்குக் காய்ச்சல். ஆஃபீசுக்கு மெசேஜ் அனுப்பிட்டுப் படுத்துட்டேன். ரூம்மேட் ஊருக்குப் போயிருந்தான். வீட்டுக்குச் சொன்னா அம்மா பயப்படுவாங்கன்னு சொல்லலை. பிஸ்கட்டும் தண்ணியுமா ரெண்டு நாள் ஓடுச்சு. மூணாம் நாள் ராத்திரி கதவைத் தட்டுற சத்தம். திறந்தா மெஸ்ல பரிமாறுற பையன், கையில தூக்குவாளி.

"அண்ணே, அண்ணாச்சி பார்த்துட்டு வரச் சொன்னாரு. அட்டையில மூணு நாளா டிக் இல்லையாம்."

தூக்குவாளியில ரசம் சாதம். மறுநாள் காலையில அண்ணாச்சியே மேலே ஏறி வந்தார், மூணு மாடி. "என்ன தம்பி, சொல்லி அனுப்பக் கூடாதா?"னு ஒரு வார்த்தை. அதுக்கப்புறம் ஆட்டோ வரவச்சு டாக்டர்கிட்ட அனுப்பினார். டெங்கு. ரத்தத்துல தட்டணுக்கள் குறைஞ்சிருந்தது. இன்னும் ரெண்டு நாள் படுத்தே இருந்திருந்தா சிக்கலாயிருக்கும்னு டாக்டர் சொன்னார்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அண்ணாச்சிக்கும் எனக்கும் பெரிய பாசமெல்லாம் கிடையாது. அஞ்சு மாசத்துல நாங்க பேசினது மொத்தமா அம்பது வாக்கியம் இருக்கலாம். நான் வரலைங்கறதை அவருக்குக் காட்டிக் கொடுத்தது அந்த அட்டைதான்.

சிகாகோவுக்கு ஒரு எட்டு

இது என் ஒருத்தன் அதிர்ஷ்டம்னுதான் ரொம்ப நாள் நினைச்சேன். அப்புறம் ஒரு புத்தகத்தைப் பத்தித் தெரிஞ்சது. அதுக்காக ஒரு நிமிஷம் திருவல்லிக்கேணியை விட்டு அமெரிக்கா போயிட்டு வந்துடலாம்.

1995 ஜூலையில் சிகாகோ நகரத்தில் கடுமையான வெப்ப அலை வீசியது. வெப்பநிலை 41 டிகிரி செல்சியஸ் வரை போனது. நமக்கு அது மே மாசத்துச் சாதாரணக் கணக்கு மாதிரித் தெரியலாம். அந்த ஊருக்கு அது பழக்கமில்லை. வழக்கமான எண்ணிக்கையைவிட 700 பேருக்கும் மேல் கூடுதலாக இறந்தார்கள். அவர்களில் நிறையப் பேர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல்.

எரிக் கிளினென்பெர்க் என்ற சமூகவியலாளர் இதை ஆராய்ந்து 2002-ல் 'ஹீட் வேவ்' என்ற புத்தகம் எழுதினார். நார்த் லான்டேல், சவுத் லான்டேல் என்ற இரண்டு பக்கத்துப் பக்கத்துப் பேட்டைகளை ஒப்பிட்டார். ரெண்டிலும் ஏழைகள் உண்டு, தனியாக வாழும் முதியவர்களும் ஏறக்குறைய அதே அளவில் உண்டு. வெயிலும் ஒரே வெயில்தான். ஆனா நார்த் லான்டேலில் இறப்பு விகிதம் மற்றதைப் போலப் பத்து மடங்கு.

என்ன வித்தியாசம்? நார்த் லான்டேலில் தொழிற்சாலைகள் போய், கடைகள் மூடி, காலி மனைகளும் பாழடைந்த கட்டடங்களுமாக இருந்தது. பெரியவங்க வெளியே வரவே பயந்தாங்க, வந்தாலும் போக இடமில்லை. சவுத் லான்டேலில் நடைபாதை நிறையக் கடைகள், சின்னச் சின்ன உணவகங்கள், எப்பவும் ஆள் நடமாட்டம். தனியா இருந்த கிழவரும் கிழவியும் தினமும் வெளியே வந்து பழகியிருந்தாங்க. அதனால வெயில் நாட்களிலும் குளிர்ச்சியான ஒரு கடைக்கு வந்து உட்கார முடிஞ்சது.

எனக்கு இதுல அண்ணாச்சியோட அட்டைதான் தெரிஞ்சது. கடைத்தெரு உயிரோட இருந்த பேட்டையில மனுஷங்களும் கூடுதலா உயிரோட இருந்திருக்காங்க.

பதினைந்து நிமிஷ உறவு

ரே ஓல்டன்பர்க் என்ற இன்னொரு அமெரிக்கச் சமூகவியலாளர் 1989-ல் எழுதின புத்தகத்துல "மூன்றாவது இடம்" என்று ஒரு கருத்தைச் சொன்னார். முதல் இடம் வீடு, இரண்டாவது வேலை செய்யும் இடம். மூன்றாவது, யாரும் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகக்கூடிய கஃபே, முடிதிருத்தும் கடை மாதிரியான இடம். இன்னைக்குப் பெரிய காபி செயின்கள் எல்லாம் இந்தச் சொல்லைத் தங்களுக்கு எடுத்துக்கிட்டாங்க. சோபா, வைஃபை, ரெண்டு மணி நேரம் உட்காரலாம்.

நம்ம ஊர் மெஸ்ஸை இந்த அளவுகோல்ல வச்சா அது ஃபெயில் ஆயிடும். மத்தியானம் ஒரு மணிக்கு மெஸ்ல ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து பாருங்க! நீங்க மோர் சாதத்துக்கு வரும்போதே உங்க நாற்காலிக்குப் பின்னால ஒருத்தர் வந்து நின்னுடுவார். இலையை மூடினா எழுந்துடணும். டீக்கடையில பல நேரம் உட்காரவே பெஞ்ச் இருக்காது. நின்னுக்கிட்டே குடிச்சுட்டு கிளாஸை வச்சுட்டுப் போறதுதான்.

நம்ம கடைகள் வேற மாதிரி வேலை செய்யுது. ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிஷம்தான், ஆனா மாசத்துல இருபத்தஞ்சு நாள். அதே முகங்கள், அதே நேரம். "மாஸ்டர், ஒண்ணு சர்க்கரை கம்மி"னு நாம சொல்றதுக்கு முன்னாடியே மாஸ்டர் கை சர்க்கரை டப்பாவைத் தாண்டிப் போயிடும். வார்த்தை அதிகம் இல்லாமலே ஒருத்தரை ஒருத்தர் கணக்குல வச்சிருப்போம். ரூம் காலி இருக்கா, எங்க ஆள் எடுக்கறாங்க, எந்த டாக்டர் கம்மியா வாங்குவார்னு எல்லாத் தகவலும் அந்தப் பதினைந்து நிமிஷத்துலதான் கைமாறும்.

ஊர்ப் பேச்சுக்கும் அதுதான் இடம். 1942-ல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கியபோது, சாதாரண மக்களுக்குப் புரியற எளிய தமிழ்ல எழுதணும்னு வச்சார். அந்தப் பேப்பர் டீக்கடைகள்ல ஒருத்தர் சத்தமா வாசிக்க நாலு பேர் கேட்கிற பேப்பராச்சு. 'தினமலர்'ல அரசியல் கிசுகிசுப் பகுதிக்கே 'டீக்கடை பெஞ்ச்'னுதான் பேர். "இங்கு அரசியல் பேசாதீர்கள்"னு சில கடைகள்ல போர்டு மாட்டியிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. எல்லாரும் பேசினதாலதான அந்த போர்டு!

எல்லாருக்குமான இடமா?

இங்க கொஞ்சம் நிறுத்தணும். இந்த எபிசோடோட முதல் டிராஃப்டை நம்ம குழுவுல இருக்கிற தோழி ஒருத்தங்ககிட்ட காட்டினேன். படிச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "அந்த எட்டு மேஜையில எத்தனை பொண்ணுங்க உட்கார்ந்து பார்த்திருக்க?"

ஞாபகப்படுத்திப் பார்த்தேன். ஒருத்தர்கூட இல்லை. சமையல்கட்டுல ரெண்டு அக்கா இருந்தாங்க, அவ்வளவுதான். லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்கு ராத்திரி கதவு மூடுற நேரம்னு ஒண்ணு இருக்கு. டீக்கடையில தனியா ஒரு பொண்ணு நின்னு டீ குடிச்சா இன்னும் சில தெருக்கள்ல பத்துத் தலை திரும்பும். மும்பையை வச்சு மூணு பெண்கள் சேர்ந்து எழுதி 2011-ல் வந்த 'ஒய் லாய்ட்டர்?' புத்தகம் இதைத்தான் பேசுது: ஒரு காரணமும் சொல்லாம பொது இடத்துல சும்மா நிக்கிற உரிமை பெண்களுக்கு இருக்கான்னு. பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. கம்பெனி வாசல் டீக்கடைகள்ல இன்னைக்குப் பொண்ணுங்களும் பசங்களும் கலந்து நின்னு பேசறதைப் பார்க்கறோம். சின்ன மாற்றம்தான். ஆனா அதுவும் தினமும் வந்து நின்னு நின்னு வாங்கின இடம்.

ஜாதிக் கதை இன்னும் கசப்பு. நான் இருந்த அதே திருவல்லிக்கேணியில, 1957-ல் முரளி கஃபே என்ற ஓட்டல் முன்னால் பெரியாரின் திராவிடர் கழகத்தினர் மறியல் தொடங்கினார்கள். பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. மாதக்கணக்கில் மறியல் நடந்தது. தொண்டர்கள் தொடர்ந்து கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் பலகையிலிருந்து போனது.

ஒரு வார்த்தைக்காகவா ஜெயிலுக்குப் போனாங்கன்னு தோணலாம். யார் யார்கூட உட்கார்ந்து சாப்பிடலாம்னு அந்த ஒரு வார்த்தை சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அரசியல் சாசனத்தோட 15-வது பிரிவு, ஜாதி, மதம், பாலினம் பார்த்து யாரையும் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் வரவிடாமல் தடுக்கக் கூடாதுன்னு வெளிப்படையாவே சொல்லுது. 17-வது பிரிவு தீண்டாமையை ஒழிக்குது. 1955-ல் அதுக்குத் தனிச் சட்டமே வந்தாச்சு. அதுக்கப்புறமும் பல கிராமத்து டீக்கடைகள்ல இரட்டைக் குவளை இருந்தது. டீக்கடை பெஞ்ச்ல எல்லாரும் சமம்னு நாம பெருமையாப் பேசும்போது, அந்த பெஞ்ச்ல உட்கார விடாமல் தரையில உட்கார வைக்கப்பட்டவங்களையும் சேர்த்து நினைக்கணும்.

அதனால, சின்னக் கடைன்னாலே நல்ல கடைன்னு நான் சொல்ல வரலை. கடை ஒருத்தரைக் கணக்குல வச்சுக்கணும்னா, முதல்ல அவரை உள்ள விடணும்.

ஷட்டர்

அண்ணாச்சி மெஸ் இப்ப இல்லை.

நான் 2017-ல் வேளச்சேரிப் பக்கம் ரூம் மாறிட்டேன். எப்பவாவது அந்தப் பக்கம் போனா எட்டிப் பார்ப்பேன். அண்ணாச்சி தன் கணக்கைச் சொல்லுவார். கடைக்கு வீட்டு சிலிண்டர் பயன்படுத்தக் கூடாது. 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர்தான் வாங்கணும், அதோட விலை மாசாமாசம் ஒண்ணாம் தேதி மாறும். ஆனா மாசச் சாப்பாடு விலையை மாசாமாசம் மாத்த முடியுமா? முன்பணம் கட்டின பையன்கிட்ட பாதியில போய் ஏத்திக் கேட்க முடியாது. எண்ணெய் ஏறினாலும் வெங்காயம் ஏறினாலும் அவர் கையைத்தான் கடிக்கும். கட்டட ஓனர் வாடகையை ஏத்தினார். கூட இருந்த மாஸ்டருக்குப் பெரிய ஹோட்டல்ல கூடுதல் சம்பளம் கிடைச்சது.

"ஆப்ல சேரலாமே அண்ணாச்சி?"ன்னு நானே கேட்டிருக்கேன். அவர் சிரிச்சார். "தம்பி, ஒரு சாப்பாட்டுல எனக்கு நிக்கிறதே கொஞ்சம். அதுல கமிஷன் கொடுத்தா நான் எதை எடுத்துக்கிட்டுப் போறது? விலையை ஏத்தினா இங்க உட்கார்ந்து சாப்பிடறவனுக்கு என்ன பதில் சொல்றது?"

2020 மார்ச்சில் ஊரடங்கு. மேன்ஷன்கள் காலியாச்சு, எல்லாரும் ஊருக்குப் போனாங்க. பார்சல் மட்டும்தான்னு சொன்ன காலத்துல, பார்சல் வாங்கவும் ஆள் இல்லை. அடுத்த வருஷம் நான் போனப்ப ஷட்டர் மேல வேற போர்டு இருந்தது. மொபைல் கவர் விக்கிற கடை. அண்ணாச்சி ஊருக்கே போயிட்டார்னு பக்கத்துக் கடையில சொன்னாங்க.

நான் நேர்மையா ஒண்ணு சொல்லணும். கொரோனா மேல பழி போடறது சுலபம். திருவல்லிக்கேணியில கடைசி ஒரு வருஷம் நானே வாரத்துல நாலு நாள் ரூம்ல உட்கார்ந்து ஃபோன்ல ஆர்டர் பண்ணிக்கிட்டு இருந்தேன். ஆஃபர் வரும், பிரியாணி வரும், மூணு மாடி இறங்க வேண்டாம். மாச அட்டையை நிறுத்திட்டேன். அண்ணாச்சி ஒண்ணும் கேட்கலை. அட்டை இல்லைன்னா டிக்கும் இல்லை. அப்ப எனக்குக் காய்ச்சல் வந்திருந்தா, ஆப்புக்கு அது தெரிஞ்சிருக்காது. "உங்களை மிஸ் பண்றோம்"னு ஒரு கூப்பன் வந்திருக்கும்.

அந்த மெஸ்ல மூலை மேஜையில தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பெரியவர் வருவார். வெள்ளை வேட்டி, கக்கத்துல மடிச்ச பேப்பர். ரெண்டு இட்லி, ஒரு டம்ளர் பால். எழுபது வயசுக்கு மேல இருக்கும். குடும்பம் இருந்துச்சான்னு தெரியாது. அவர் உட்கார்ந்தா எதிர் நாற்காலியில வேற யாரும் உட்கார மாட்டோம், பேப்பரை விரிக்க இடம் வேணும்னு. நாலு வருஷம் ஒரே அறையில சாப்பிட்டிருக்கோம். அவர் பேர் எனக்குத் தெரியாது. அண்ணாச்சிக்குத் தெரியும்.

மெஸ் மூடினதுக்கப்புறம் அவர் எங்க சாப்பிடறார்? ஷட்டரைப் பார்த்துக்கிட்டு நின்னப்ப எனக்கு வந்த முதல் கேள்வி அதுதான். பதில் சொல்ல அங்க யாரும் இல்லை.

அப்ப என்ன பண்ணலாம்?

அரசாங்கம் ஒண்ணும் பண்ணலைன்னு சொல்ல முடியாது. 2013-ல் அம்மா உணவகம் வந்தப்ப இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். மாசக் கடைசியில நானே அங்க சாப்பிட்டிருக்கேன். சுய உதவிக் குழுப் பெண்கள் நடத்துற இடம். தினமும் வர்ற பெரியவங்களை அந்த அக்காங்களும் அடையாளம் வச்சுக்கறாங்க. கவுண்டருக்குப் பின்னால அதே முகம், முன்னாலயும் அதே முகம் இருந்தா போதும். கடை யாரோடதுங்கறது அடுத்த விஷயம்.

தள்ளுவண்டிக்காரங்களுக்கு 2014-ல் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்திருக்கு. கணக்கெடுத்து அடையாளச் சான்று கொடுக்கணும், முடிவெடுக்கிற நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளோட பிரதிநிதிகளா இருக்கணும்னு அது சொல்லுது. உங்க தெரு இட்லி வண்டியை ஒரு நாள் யாராவது வந்து தூக்கினா, அந்த அக்காவுக்குச் சட்டப்படி ஒரு உரிமை இருக்குன்னு நீங்க தெரிஞ்சு வச்சிருந்தா, பக்கத்துல நின்னு பேசலாம்.

மத்தபடி நம்ம கையில இருக்கிறது சின்னச் சின்ன விஷயம்தான். வாரத்துல ரெண்டு நாளாவது பார்சல் வேண்டாம்னு உட்கார்ந்து சாப்பிடுங்க. ஒரே கடைக்கு, ஒரே நேரத்துக்குப் போங்க; பத்து நாள்ல உங்களை அவங்களுக்குத் தெரிஞ்சிடும். அக்கவுண்ட் வச்சிருந்தா மாசம் பொறந்ததும் கணக்கைத் தீருங்க, ஏன்னா அவங்க மளிகைக் கடைக்காரரும் அன்னைக்குத்தான் கேட்பார். சாப்பிடும்போது காதுல இருந்து ஹெட்ஃபோனைக் கழட்டுங்க. ஆமா, என் குரலையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

எதிர்ல தினமும் உட்கார்றவர் பேரை ஒரு நாள் கேட்டுடுங்க. நான் கேட்காம விட்டது அது ஒண்ணுதான்.

இப்ப நான் இருக்கிற தெருவில ராத்திரி ஒரு அக்கா இட்லிக்கடை போடறாங்க. ஒரு பந்தல், நாலு பிளாஸ்டிக் ஸ்டூல். போன மாசம் ஊருக்குப் போயிட்டு ஒரு வாரம் கழிச்சுப் போனேன். தட்டுல இட்லி வைக்கும்போதே கேட்டாங்க, "என்ன தம்பி, ஆளையே காணோம்?"

ஊருக்குப் போயிருந்தேன்க்கானு சொன்னேன். அடுத்த தடவை போகும்போது முன்னாடியே சொல்லிட்டுப் போகணும்.

உங்க தெருவில உங்களை இப்படிக் கேட்கிற கடை எது? பேரு, இடம் எல்லாம் சொல்லி வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்த்துப் பேசுவோம். அதுவரைக்கும் வேளாவேளைக்குச் சாப்பிடுங்க.